செத்தவனுக்கு யார் வக்காலத்து?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை அழைத்தபோது ஒரு நிபந்தனை போட்டார். "வக்கீல் சார், சட்டத்தைப் பத்திப் பேசாதீங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் உங்க பேச்சு. பசங்க தூங்கிடுவாங்க. அவங்க பாக்கிற ஏதாவது சீரியலைப் பத்திப் பேசுங்க" என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் முப்பது வருடம் கோர்ட்டில் நின்று பழகியவனிடம் சீரியலைக் கொடுத்தால், அவன் அதிலும் சட்டத்தைத்தான் தேடுவான். அதற்கு நான் பொறுப்பல்ல!

நான் எடுத்துக்கொண்ட தொடரின் பெயர் 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்'. தமிழில் சொன்னால் 'நல்ல பிள்ளைக்கு ஒரு கொலைக் கையேடு'. ஹாலி ஜாக்சன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 2019-ல் எழுதிய நாவல் இது. அவருடைய முதல் நாவல். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மொழியியலும் படைப்பிலக்கியமும் படித்தவர். இதை பாப்பி கோகன் திரைக்கதையாக்க, ஆறு பகுதிகள் கொண்ட தொடராக பி.பி.சி. 2024 ஜூலை 1 அன்று வெளியிட்டது. ஆகஸ்ட் 1 முதல் நெட்ஃபிளிக்ஸ் வழியாகப் பல நாடுகளுக்குப் போனது.

அந்த ஜூலை 1 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏன் தெரியுமா? அன்றைக்குத்தான் நம் நாட்டில் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. வக்கீல்களெல்லாம் பழைய செக்ஷனுக்குப் புது நம்பர் மனப்பாடம் செய்துகொண்டிருந்த நாள் அது. அந்த வாரம் யார் சீரியல் பார்த்தார்கள்! கல்லூரியில் படிக்கிற என் மகள் சொல்லி, பிறகுதான் பார்த்தேன். பார்த்துவிட்டு நாவலையும் வாங்கிப் படித்தேன்.

கதை இதுதான். இங்கிலாந்தில் லிட்டில் கில்டன் என்று ஒரு சிற்றூர். கற்பனை ஊர். ஆண்டி பெல் என்ற பள்ளி மாணவி ஒருநாள் காணாமல் போகிறாள். சில நாளில் அவளுடைய காதலன் சால் சிங் காட்டுப் பகுதியில் இறந்து கிடக்கிறான். அவனிடம் ஆண்டியின் செல்போன் இருக்கிறது. இறப்பதற்கு முன் 'நான்தான் செய்தேன்' என்ற பொருளில் அவன் போனிலிருந்து அவன் அப்பாவுக்கு ஒரு மெசேஜ் போயிருக்கிறது. பெண்ணின் உடல் கிடைக்கவில்லை. ஆனாலும் கேஸ் முடிந்தது. கொன்றவன் சால், தற்கொலை செய்துகொண்டான், அவ்வளவுதான்.

ஐந்து வருடம் கழித்து அதே பள்ளியில் படிக்கும் பிப் என்ற 17 வயதுப் பெண் தன் புராஜெக்டுக்கு இந்த வழக்கையே தலைப்பாக எடுத்துக்கொள்கிறாள். சால் அப்படிச் செய்திருப்பான் என்று அவளால் நம்ப முடியவில்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அன்பாக நடந்துகொண்டவன் அவன். சாலின் தம்பி ரவியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு விசாரிக்கக் கிளம்புகிறாள். பிப்பாக எம்மா மையர்ஸும், ரவியாக ஸெயின் இக்பாலும் நடித்திருக்கிறார்கள்.

கொலையாளி யார் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் வெளியே என் ஸ்கூட்டரில் காற்று இருக்காது. நான் பேச வந்தது வேறு. இந்தக் கதையில் ஒரு பையனுக்குத் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. ஆனால் விசாரணையே நடக்கவில்லை. அந்தத் தீர்ப்பை எழுதியது யார்?

கொஞ்சம் சட்டம் சொல்கிறேன், செயலாளர் மன்னிக்க வேண்டும். இறந்தவர் மீது குற்ற வழக்கு நடத்த முடியாது. இங்கிலாந்திலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால் வழக்கு அற்றுப்போகும் என்போம். கேட்பதற்கு இது அவருக்குச் சாதகம் மாதிரி தோன்றும். யோசித்துப் பாருங்கள். வழக்கு இல்லையென்றால் சாட்சிக் கூண்டு இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை. 'குற்றவாளி' என்ற தீர்ப்பு வராது என்பது சரி. ஆனால் 'நிரபராதி' என்ற தீர்ப்பும் ஒருநாளும் வராது!

இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே. சந்தேக மரணத்தை அங்கே கரோனர் என்ற அதிகாரி விசாரிப்பார். எப்படி இறந்தார் என்று அவர் சொல்லலாம். இன்னார்தான் குற்றம் செய்தார் என்று பெயர் சொல்லி முடிவு கட்ட அவருக்கு அதிகாரம் கிடையாது. வழக்கு நடப்பில் இருக்கும்போது பத்திரிகைகள் கண்டபடி எழுதினால் 1981-ம் வருடத்து நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் பாயும். சந்தேகத்துக்குரியவன் செத்துப்போனால்? நடப்பில் வழக்கே இல்லை. அவதூறு வழக்கு போடலாமா என்றால், அந்த நாட்டுச் சட்டப்படி இறந்தவரை யாரும் அவதூறு செய்ய முடியாது. மானம் ஆளோடு போய்விடுகிறது. நம் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் ஈரமுள்ளது. இறந்தவரைப் பற்றிச் சொன்னாலும், உயிரோடிருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கக் கூடியதாகவும், குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடும் சொல்லியிருந்தால் அது அவதூறாகலாம். பழைய 499-லும் இருந்தது, புதிய 356-லும் இருக்கிறது.

ஆக, சால் சிங்கை 'கொலைகாரன்' என்று எழுத அங்கே யாருக்கும் தடையில்லை. 'குற்றம் சாட்டப்பட்டவர்', 'கூறப்படுகிறது' என்ற இரண்டு வார்த்தை போதும், ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்ற. அந்த இரண்டு வார்த்தை அவனுக்குக் கிடைக்கவில்லை. அப்பா அம்மா, தம்பி மூவரும் அதே ஊரில், அதே வீட்டில் வாழ்கிறார்கள். இந்திய வம்சாவளிக் குடும்பம். அந்த வீட்டைக் கடக்கும்போது ஊர்க்காரர்கள் நடையை எட்டிப்போடுகிறார்கள். சுவரில் வசவு எழுதுகிறார்கள். ரவி கடைத்தெருவுக்குப் போனால் பார்வையெல்லாம் முதுகில் குத்துகிறது. அவன் செய்த குற்றம் என்ன? தம்பியாகப் பிறந்தது.

இது ஏதோ சீமையில் நடக்கிற கதை என்று நினைக்காதீர்கள். என்னிடம் ஒரு கட்சிக்காரர் வந்தார். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். வேலை பார்த்த இடத்தில் பணம் காணோம் என்று இவர் மேல் வழக்கு. மறுநாள் பேப்பரில் போட்டோவோடு செய்தி. ஆறு வருடம் நடந்து விடுதலையானார். சந்தேகத்தின் பலனை வைத்து அல்ல, குற்றச்சாட்டே பொய் என்று நீதிபதி தெளிவாக எழுதிய தீர்ப்பு. விடுதலையானது எந்தப் பேப்பரிலும் ஒரு வரி வரவில்லை. நடுவில் தங்கை கல்யாணம் இரண்டு தடவை தட்டிப்போயிருந்தது. தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இதை எங்க ஊர்ல எங்க சார் ஒட்டுறது?"

என்னிடம் பதில் இல்லை. இந்தத் தொடரில் ரவியின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது. என் கட்சிக்காரருக்காவது ஒட்டுவதற்கு ஒரு காகிதம் இருந்தது. ரவிக்கு அதுவும் இல்லை.

அந்தக் காகிதத்தைத் தயாரிக்கத்தான் பிப் கிளம்புகிறாள். சால் சிங்குக்காக முதன்முதலில் வக்காலத்துப் போட்டவள், சட்டம் படிக்காத ஒரு பள்ளி மாணவி!

இப்போது மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். அவள் செய்வது பொழுதுபோக்குத் துப்பறிதல் அல்ல, படிப்பு. இங்கிலாந்தில் ஏ லெவல் படிக்கும் மாணவர்கள் விரும்பினால் 'எக்ஸ்டெண்டட் புராஜெக்ட்' என்று ஒன்று செய்யலாம். தலைப்பை மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். சுமார் 5,000 சொற்களில் அறிக்கை எழுதி, சபை முன் நின்று விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அரை ஏ லெவலுக்குச் சமமான மதிப்பு. இதில் முக்கியமானது, வேலை நடந்த விதத்தைப் பதிவேடாக எழுதித் தர வேண்டும். என்ன தேடினேன், எங்கே முட்டிக்கொண்டேன், ஏன் மனதை மாற்றிக்கொண்டேன் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். முடிவு மட்டும் போதாது, வந்த வழியும் வேண்டும்.

நம் ஊரில் புராஜெக்ட் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சீனியர் புராஜெக்டை வாங்கி, பெயரை மாற்றி, கேட்டுக்கு எதிரே இருக்கிற கடையில் பைண்டிங் போட்டு, மேலே தங்க எழுத்து. பேராசிரியர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கும் தெரியும்!

நாவலே அந்தப் பதிவேட்டின் வடிவத்தில்தான் போகிறது. கதைக்கு நடுவே அவளுடைய குறிப்புகள், பேட்டிகளின் எழுத்துப் படி, ஊர் வரைபடம், சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியல் எல்லாம் வருகின்றன. எங்கள் தொழிலில் சொன்னால் அது ஒரு கேஸ் கட்டு. வாசகன் கட்டைப் பிரித்துத் தானே பக்கம் பக்கமாகப் படித்து முடிவுக்கு வரலாம். டி.வி.யில் அது முடியாது. யாரும் திரையில் பதிவேடு படிக்க உட்கார மாட்டார்கள். அதனால் நாவலில் அவள் எழுதிப் பார்ப்பதையெல்லாம் தொடரில் நடந்தும் ஓடியும் காட்ட வேண்டியிருக்கிறது. அதில் யோசிக்கிற நேரம் குறைந்துபோகிறது. ஆனால் நாவலில் கிடைக்காத ஒன்று தொடரில் கிடைக்கிறது. கேள்வி கேட்கப்படுகிறவரின் முகம். பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்குகிற முகம். கேஸ் கட்டைப் படிப்பதற்கும் சாட்சியை நேரில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நாவலையும் படியுங்கள், தொடரையும் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இன்னொரு சங்கதி. நாவலில் அந்த ஊர் பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கிறது. அமெரிக்கப் பதிப்பில் அதையே கனெக்டிகட் மாநிலத்துக்கு மாற்றி, ஊர்ப் பெயரையும் ஃபேர்வியூ என்று ஆக்கிவிட்டார்கள். தொடர் மறுபடி இங்கிலாந்துக்கே வந்து, சாமர்செட்டில் உள்ள ஆக்ஸ்பிரிட்ஜ் என்ற பழைய ஊரில் படமாகியது. ஊரை எங்கே தூக்கி வைத்தாலும் கதை நிற்கிறது. எல்லா ஊரிலும் தீர்ப்பு எழுத ஆள் இருக்கிறார்கள் என்பதுதானே அதற்கு அர்த்தம்?

பிப் விசாரிக்கிற முறையில் ஒரு வக்கீலாக எனக்குப் பிடித்தது மூன்று.

ஒன்று, நேரத்தைப் பிடிக்கிறாள். நாவலில், அன்றிரவு நள்ளிரவு தாண்டும்வரை சால் தங்களோடு இருந்ததாக நண்பர்கள் முதலில் சொல்கிறார்கள். பிறகு மாற்றி, முன்னாலேயே போய்விட்டான் என்கிறார்கள். ஊர் இரண்டாவது பேச்சை நம்பியது. பிப் கேட்பது, முதல் பேச்சை ஏன் மாற்றினீர்கள்? கோர்ட்டில் பிறழ் சாட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். சாட்சி என்ன சொன்னார் என்பதோடு முடிவதில்லை. எப்போது மாற்றினார், யாருக்காக மாற்றினார் என்பதில்தான் வழக்கே இருக்கும்.

இரண்டு, ஒப்புதல் வாக்குமூலத்தைக் கண்டு அவள் மலைத்துப்போகவில்லை. ஒரு போனிலிருந்து மெசேஜ் போனது என்பது நிரூபணம். அந்த போனை அப்போது யார் கை தட்டியது என்பது நிரூபணமாகவில்லை. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று நம் சட்டம் நூற்றைம்பது வருடமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒப்புக்கொண்டான் என்ற ஒரு வார்த்தை வந்துவிட்டால், அதற்குமேல் யோசிப்பதை மனிதர்கள் நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்று, இதுதான் கஷ்டமானது. தனக்குப் பிடித்தவர்களை அவள் பட்டியலிலிருந்து விலக்கவில்லை. தோழியின் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பெண், அந்தத் தோழியின் அக்காவிடமும் கேள்வி கேட்க வேண்டி வருகிறது. தெரியாதவர்களைச் சந்தேகப்படுவது சுலபம். ஊரே அதைத்தானே செய்தது? கொஞ்சம் வேறு நிறம், வேறு பெயர், செத்தும் போய்விட்டான். தோதான ஆள்.

பாராட்டியது போதும். பிராது பக்கமும் பேச வேண்டும் அல்லவா? பள்ளிக்கூடம் அவள் தலைப்பை ஒரு நிபந்தனையோடுதான் அனுமதிக்கிறது: இரண்டு குடும்பத்தாரையும் நீ அணுகக் கூடாது. கதை தொடங்குவதே அவள் சிங் வீட்டுக் கதவைத் தட்டுவதில்தான்! நிபந்தனை ஜாமீனில் வந்தவன் முதல் நாளே நிபந்தனையை மீறியது மாதிரி. அதோடு நிற்கிறாளா? போதைமருந்து விற்கிற ஒருவனைப் போட்டோ எடுத்து, அதைக் காட்டி மிரட்டிப் பேச வைக்கிறாள். நாவலில், மகளை இழந்த பெல் குடும்பத்தின் வீட்டுக்குள்ளேயே ஆள் இல்லாத நேரம் நுழைந்து தேடுகிறாள்.

நோக்கம் நல்லது என்பதற்காக இதையெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஹாலி ஜாக்சனும் சொல்லவில்லை. அவள் தாண்டும் ஒவ்வொரு கோட்டுக்கும் கணக்கு வருகிறது. மிரட்டல் கடிதம் வருகிறது. நாவலில் அவள் உயிராய் வளர்த்த நாய் சாகிறது. உண்மை தெரிந்தபோது அது யாரோ தூரத்து மனிதரைச் சுடவில்லை, அவளுக்கு வேண்டியவர்களையே சுடுகிறது. ஒரு குடும்பத்தின் மேல் இருந்த கறையைத் துடைத்தால், இன்னொரு குடும்பத்தின் வாசலில் அது போய் விழுகிறது. அந்த இன்னொரு வீட்டிலும் ஒன்றும் அறியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தக் கணக்கை மறைக்காமல் காட்டியதற்காகவே நான் இந்தக் கதையை மதிக்கிறேன்.

இறந்துபோன ஆண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செய்தித்தாள் அவளை ஒரு சிரித்த போட்டோவாக ஆக்கிவிட்டது. விசாரிக்க விசாரிக்க அவள் அப்படிப்பட்ட தேவதையும் அல்ல என்று தெரிகிறது. சில பேருக்குக் கொடுமை செய்திருக்கிறாள், அவளுக்கும் கொடுமை நடந்திருக்கிறது. ஊர்த் தீர்ப்பு ஒருவனைப் பேயாக்கியது, ஒருத்தியைத் தெய்வமாக்கியது. இரண்டு பேரையும் மனிதர்களாக இருக்க விடவில்லை.

பதின்வயதினரை வைத்து எடுத்த கொலைத் தொடர்கள் நிறைய உண்டு. சாரா ஷெப்பர்டின் நாவல்களிலிருந்து வந்த 'பிரெட்டி லிட்டில் லையர்ஸ்' 2010 முதல் 2017 வரை 160 பகுதிகள் ஓடியது. அங்கே ரகசியம் அவிழ அவிழப் புது முடிச்சு. பார்க்கிறவனுக்கு அடுத்த வாரம் என்ன என்பதுதான் கேள்வி. இந்தத் தொடரின் ஆறு பகுதிகளில் எனக்கு அந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. ரவிக்கு எப்போது விடிவு என்பதுதான் கேள்வியாக இருந்தது.

இளைய நண்பர்களே! உங்களில் நூற்றில் ஒருவர்கூடத் துப்பறியும் வேலைக்குப் போக மாட்டீர்கள். ஆனால் உங்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஒரு போட்டோ வரும், கீழே 'இவன்தான்' என்று இரண்டு வரி வரும். அனுப்பியவர் நல்லவர்தான், உங்கள் மாமாவாகக் கூட இருக்கலாம். பொத்தானை அமுக்குவதற்கு முன் பிப் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். யார் பார்த்தது? முதலில் என்ன சொன்னார்கள்? அந்த ஆள் பக்கம் யாராவது கேட்டார்களா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அதை உங்கள் போனோடு நிறுத்திவிடுங்கள். ஒரு ரவி சிங்காவது நிம்மதியாகக் கடைத்தெருவுக்குப் போய் வருவான்.

அடுத்து, புராஜெக்ட். விடை தெரிந்த தலைப்பை எடுக்காதீர்கள். உங்களுக்கே விடை தெரியாத, தெரிந்தே ஆகவேண்டும் என்று தூக்கத்தைக் கெடுக்கிற ஒரு கேள்வியை எடுங்கள். மார்க் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. வந்த வழியை நேர்மையாக எழுதுங்கள். பைண்டிங் சாதாரணமாகவே இருக்கட்டும்.

நாவலின் முடிவில் பிப் தன் புராஜெக்டைச் சபை முன் நின்று சமர்ப்பிக்கிறாள். சால் சிங்குக்குக் கோர்ட் தர முடியாத விசாரணையை ஒரு பள்ளிக்கூட மேடை தந்தது. பள்ளியும் கல்லூரியும் வேறு எதற்கு இருக்கின்றன? ஊரே ஒரு மாதிரி பேசும்போது, 'கொஞ்சம் இருங்க, நான் விசாரிச்சுட்டு வர்றேன்' என்று சொல்ல ஒரு பிள்ளையாவது இங்கிருந்து கிளம்ப வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இந்த வருடமும் இந்த வரிசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.